தாய்வீடு இல்லாத தலைப்பிரசவம்

கல்யாணம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. பால் வாங்கப் போன இடத்தில் கேட்பார்கள்: "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" ஆறு மாதமானால் குரல் தணியும், கேள்வி கூர்மையாகும். ஒரு வருடம் போய்விட்டால் கேள்வியே இருக்காது; எந்தக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டினால் பலிக்கும் என்ற யோசனைதான் வரும். இத்தனை அக்கறையாக விசாரிக்கிற ஊர், விசேஷம் என்று தெரிந்த மறுநாள் அந்தப் பெண்ணும் பையனும் எங்கே போக வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்வதில்லை. சொல்லித் தெரிய வேண்டியதா என்ன? அதற்குத்தான் தாய்வீடு இருக்கிறதே!

நம்மூர் ஏற்பாடு அப்படி. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்புப் போட்டு, கை நிறைய கண்ணாடி வளையலோடு மகளை அழைத்து வந்துவிடுவார்கள். அதுவரை ஒரு குழந்தையைத் தூக்கியே பழகாத பெண்ணுக்கு அந்த ஐந்தாறு மாதம்தான் பள்ளிக்கூடம். பால் கொடுக்க, உரம் விழாமல் தூக்க, அழுகை பசிக்கா வயிற்று வலிக்கா என்று பிரித்துப் பார்க்க, அம்மாவும் அத்தையும் பாட்டியும் திட்டித் திட்டியே கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

அந்த வீட்டுக் கதவு மூடியிருந்தால்?

காதலித்துக் கட்டிக்கொண்டதால் இரண்டு பக்கமும் தலை முழுகிவிட்ட ஜோடிகள் இருக்கிறார்கள். பிழைப்புக்காக நானூறு கிலோமீட்டர் தள்ளி வந்தவர்கள் இருக்கிறார்கள். அம்மா மில்லுக்குப் போகிறாள், லீவு கிடையாது என்கிற பெண்கள் இருக்கிறார்கள். பதினெட்டு நிறையாததால் வயிற்றில் இருப்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் தாவணியை இறுக்கிக் கட்டிக்கொள்கிற சிறுமிகளும் இருக்கிறார்கள். இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று தேடிப்போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

திருப்பூரில் ஒரு லைன் வீடு. வரிசையாக எட்டு அறை, கோடியில் இரண்டு குளியலறை, நடுவில் ஒரே குழாய். அவனுக்கு 22, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அவளுக்குப் பத்தொன்பது முடிந்து ஐந்து மாதம். அதே கம்பெனியில் செக்கிங். அங்கேதான் பழக்கம். கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். "பேர் போடாதீங்கக்கா, ஊர்ல பார்த்துட்டா வம்பு" என்றாள். போடவில்லை.

நாள் தள்ளிப்போனதும் மருந்துக்கடையில் அட்டை வாங்கிப் பார்த்தார்கள். இரண்டு கோடு. அவனுக்குத் தெரிந்த ஒரே மருத்துவர் கைபேசிதான். அதில் வந்த வீடியோக்களில் ஒருவர் பப்பாளி கூடாது என்றார், ஒருவர் குங்குமப்பூ வேண்டும் என்றார், ஒருவர் எழுந்து நடக்கவே கூடாது என்றார். பயந்துபோய் ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளம் திங்கட்கிழமை அங்கே போய்விட்டது. கையில் கிடைத்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படமும், "நார்மல்" என்ற ஒரு சொல்லும்.

மூன்றாவது அறை பாட்டிதான் அவளைக் கையைப் பிடித்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த செவிலியர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?" இவள் வெகுளியாக, "நேத்து காலையிலக்கா" என்றாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அம்மாவோடு வந்திருந்தால் அந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்லியிருப்பாள். இதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள், அன்றைக்கு அழுதாளாம்.

பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு இலக்கம்

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி, 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். கிராமமானால் கிராம சுகாதார செவிலியர், நகரமானால் நகர சுகாதார செவிலியர். ஊரில் "நர்ஸம்மா" என்றால் இவர்தான். பதிவானதும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் ஒன்று கிடைக்கும். பிக்மி எண் என்றும் சொல்வார்கள். தாய் சேய் நல அட்டையின் மேலே அதை எழுதித் தருவார்கள். பரிசோதனை, ஊசி, உதவித்தொகை, பிரசவம், கடைசியில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை தமிழ்நாட்டில் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது வேண்டும். பிறந்த பிறகு சான்றிதழுக்காக அலையும்போதுதான் பலர் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த எண் ஊர் மாறினாலும் மாறாது. திருப்பூரில் பதிந்தவள் ஒன்பதாம் மாதம் தேனிக்கோ விழுப்புரத்துக்கோ போனால், புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். அதில் ரத்த வகை, ஹீமோகுளோபின் அளவு, ரத்த அழுத்தம், எடை எல்லாம் வரிசையாக இருக்கும். நடு இரவில் வலி வந்து தெரியாத ஊர் மருத்துவமனைக்குப் போனால், அம்மாவின் வாய்ச்சொல் செய்ய வேண்டிய வேலையை அந்த அட்டை செய்யும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள். இது போக, மாதந்தோறும் 9ஆம் தேதி சிறப்புப் பரிசோதனை முகாம் உண்டு. ஷிஃப்ட் வேலைக்காரர்கள் இந்தக் கிழமைகளைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சம்பளம் பிடிப்பார்கள் என்று ஒரு செவ்வாயைத் தள்ளினால் அடுத்த செவ்வாயும் தள்ளிப்போகும்.

பரிசோதனையில் முதலில் பார்ப்பது ரத்தம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆபத்து. சின்ன வயதுப் பெண்களிடம் இது அதிகம்; அவர்கள் உடம்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை, அதில் இன்னொரு உடம்பும் பங்கு கேட்கிறது. இரும்புச்சத்து மாத்திரை 180 நாளைக்கு இலவசமாகத் தருவார்கள். சாப்பிட்டதும் மலம் கறுப்பாகப் போகும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால், வயிற்றில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து மாத்திரையைப் பரண்மேல் போட்டுவிடுகிற பெண்கள் ஏராளம். கறுப்பாகப் போனால் கெடுதல் இல்லை. மாத்திரையைக் காபி, டீயோடு மட்டும் சேர்க்கக் கூடாது, உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாக ஒட்டும்.

அப்புறம் அந்த குளுக்கோஸ் குடிக்கிற டெஸ்ட். இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். "எங்க வம்சத்துலயே சுகர் கிடையாது" என்று எழுந்து வந்துவிடாதீர்கள். கர்ப்பகால சர்க்கரை வம்சத்தில் இல்லாதவர்களுக்கும் வரும்.

பதினெட்டாயிரமும் ஓர் இனிஷியலும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்ற பெயரை எல்லோரும் கேட்டிருப்பார்கள். 2006இல் 6,000 ரூபாயாக உயர்ந்து, பிறகு 12,000 ஆகி, 2018 முதல் 18,000. இதில் 14,000 ரொக்கம். மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு என்று இருக்கும். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டப் பணமும் இதற்குள்தான் சேர்ந்து வருகிறது. பணம் ஒரே தடவையாக வராது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு, பரிசோதனைகள், பிரசவம், குழந்தையின் தடுப்பூசிகள் என்று படிகளைத் தாண்டத் தாண்டத் தவணையாக வரும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்.

பணம் தாயின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஆதார் இணைந்திருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான் முளைக்கிறது, அதுவும் ஓர் எழுத்தில். ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கியில் கணவர் பெயர், ரேஷன் கார்டில் பெயரே இல்லை. திருப்பூர்ப் பெண்ணுக்கு இதுவே தலைகீழாக நடந்தது. கல்யாணமான ஜோரில் ஆதாரில் கணவர் இனிஷியலுக்கு மாற்றிவிட்டாள். வங்கிக் கணக்கில் பழையபடி அப்பாவின் 'எம்'. முதல் தவணை பல மாதம் நகரவே இல்லை. என்னைக் கேட்டால், புதுசாகக் கல்யாணமானவர்கள் பிரசவமும் உதவித்தொகையும் முடியும்வரை எந்த ஆவணத்திலும் பெயரில் கை வைக்காமல் இருப்பதே உத்தமம். இனிஷியல் மாற்றினால்தான் மனைவி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மனைவி என்பதற்கு வேறு காகிதம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் சுலபம். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை போகலாம். கோயிலில் கட்டினாலும், 1967இல் தமிழ்நாட்டில் சட்டமான சுயமரியாதைத் திருமண முறையில் மாலை மாற்றிக்கொண்டாலும் பதிவு வேறு, கல்யாணம் வேறு. வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் காகிதம் பாதுகாப்பும் கூட. மிரட்டல் இருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் போகலாம். சாதி, மதம் தாண்டி மணந்தவர்களுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும், பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

வாசலில் நிற்கிற வயது

மகப்பேறு உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனையை இதுவரை சொல்லாமல் விட்டேன். தாய்க்குப் பத்தொன்பது வயது நிறைந்திருக்க வேண்டும்.

காரணம் புரிகிறது. சின்ன வயதுக் கல்யாணத்துக்குச் சம்மானம் கொடுத்ததுபோல் ஆகிவிடக்கூடாது. திட்டத்துக்குப் பெயர் தந்தவரே அந்தக் கல்யாணங்களுக்கு எதிராகப் போராடியவர். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி, பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று அங்கே வாதாடியவர் முத்துலட்சுமி. 1929 சாரதா சட்டம் அந்த வயதைப் பதினான்கு என்று வைத்தது. 1978இல்தான் அது பதினெட்டானது. ஆனால் பதினேழு வயதில் வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவளுக்கு நெய்யும் பேரீச்சம்பழமும் மற்றவர்களைவிட அதிகம் தேவை. அவளுக்குத்தான் அந்தப் பெட்டகம் இல்லை. இந்த முரணை யாராவது சரிசெய்தால் தேவலை.

எத்தனை பேர் இப்படி? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டு முடிவதற்குள் கல்யாணம் ஆனவர்கள். இந்திய அளவில் 23.3. 15 முதல் 19 வயதுக்குள் இருந்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் ஆய்வு நடந்தபோதே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள்.

வட மாவட்டம் ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்க்கிற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் சொன்னார்: "ஏழாம் மாசம்தான் கண்ணுல படுவாங்க. அதுக்கு முன்னாடி வந்தா போலீஸ் வரும்னு ஊர்ல யாரோ சொல்லி வெச்சிருப்பாங்க. ரத்தம் ஆறு பாயிண்ட்ல வருவா. நான் என்ன பண்ணட்டும், மூணு மாசத்துல மலையை நகர்த்தவா?"

போலீஸ் வரும் என்பது பொய்யில்லை, அதை மறைப்பதில் அர்த்தமும் இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட பெண் கர்ப்பம் என்று தெரிந்தால் மருத்துவமனை தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் குற்றம். தாலி இருந்தாலும் விலக்கு இல்லை. மனைவியே ஆனாலும் பதினெட்டுக்குட்பட்டவளோடு உடலுறவு குற்றமே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ஊரில் சொல்லி வைக்காத மீதிச் சங்கதிகள் நிறைய.

முதலாவது, அந்தப் பெண் குற்றவாளி இல்லை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006 தண்டிப்பது கட்டிய வயதுவந்த ஆணையும், கட்டி வைத்த பெரியவர்களையும். இரண்டாவது, எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது, வைத்தியம் முதலில். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், அவள் விரும்புகிற இடத்தில் வாங்க வேண்டும். மூன்றாவது, பிறக்கிற குழந்தை சட்டப்படி முறையான குழந்தை. அதற்கும் தாய்க்கும் ஜீவனாம்சம் உண்டு. அந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அவள் நினைத்தால், பதினெட்டு முடிந்து இரண்டு வருடம் வரைக்கும் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். இதைப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியவர் மாவட்டச் சமூகநல அலுவலர். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரும் அவரே.

இரண்டு பேரும் சின்னஞ்சிறுசுகளாக, விரும்பிப் போன வழக்குகளில் பையனை அவசரமாகக் கைதுசெய்யத் தேவையில்லை என்று தமிழகக் காவல்துறைத் தலைமை 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. எல்லா நிலையத்திலும் அதைப் படித்திருப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

குழந்தை இப்போது வேண்டாம் என்றால்? 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தோடும் அனுமதிக்கிறது. பதினெட்டுக்குட்பட்டவர்கள் அந்த இரண்டாவது வரம்புக்குள் வருகிறார்கள். பெற்றோரோ பாதுகாவலரோ எழுதிக் கொடுக்க வேண்டும். பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது தெரியாததால்தான் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, ரத்தப்போக்கோடு வந்து சேர்கிறார்கள்.

பெற்றும் வளர்க்க முடியாது என்றால் குப்பைத்தொட்டியும் முள்வேலியும் வழியல்ல. குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பக் கேட்க இரண்டு மாத அவகாசமும் உண்டு. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் தொட்டிலும் இருக்கிறது. கல்யாணமே ஆகாமல், தானே வளர்ப்பேன் என்கிறவளைத் தந்தை பெயர் சொல் என்று வற்புறுத்த முடியாது. பிரமாணப் பத்திரம் கொடுத்துத் தன் பெயரிலேயே பிறப்புச் சான்று வாங்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு அது.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு எண்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் 1098. வயது எதுவானாலும் பெண்ணுக்கு 181. அங்கிருந்து மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். அடி, மிரட்டல், தங்க இடமில்லை என்ற நிலையில் மருத்துவம், காவல், சட்டம், தற்காலிகத் தங்கல் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

பாட்டி சொல்லும் நர்ஸம்மா சொல்லும்

திருப்பூர்ப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. அவள் வீட்டில் அல்ல. அங்கன்வாடி சார்பில் நடக்கிற சமுதாய வளைகாப்பில், வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகளில் இவளும் ஒருத்தி. கன்னத்தில் சந்தனம், கையில் வளையல், கலந்த சாதம். இதை அரசாங்க விளம்பரம் என்று நினைத்துச் சலித்துக்கொண்டவள் நான். "யாராவது ஒருத்தர் எனக்கு வளையல் போட்டாங்கல்லக்கா" என்று அவள் சொன்னதற்குப் பிறகு அந்தச் சலிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பிரசவ அறையில் கூட நிற்க ஒரு பெண் துணையை அரசு மருத்துவமனைகளில் அனுமதிக்கிறார்கள். மூன்றாவது அறைப் பாட்டி போனார். பிரசவம், மருந்து, சிசேரியன் என்றால் அதுவும், தங்கும் நாள்களின் சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாம் இலவசம். வலி வந்ததும் கூப்பிட 108. முகம் வீங்குவது, தலைவலியோடு கண் மங்குவது, குழந்தையின் துடிப்பு குறைவது, பனிக்குடம் உடைவது, ரத்தம் படுவது — இவற்றில் எது வந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அதற்கும் அதே 108.

பிள்ளை பிறந்ததும் பாட்டிக்கும் நர்ஸம்மாவுக்கும் முதல் மோதல். பாட்டி சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார். நர்ஸம்மா, ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கிடையாது என்றார். முதல் மூன்று நாள் வருகிற மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. குழந்தையின் முதல் தடுப்பு மருந்தைத் தரையில் ஊற்றுகிற காரியம் அது. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருகிறவரிடம் ஒரு சங்குப் பால் வாங்கிப் புகட்டினால் குரல் வளம் வரும் என்பார்கள், வருவது வயிற்றுப்போக்கு. தேன் ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் பச்சைக் குழந்தையின் நரம்பை முடக்கும். பேர் சொல்லாததை, அதாவது வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதும் வேண்டாம்.

பத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. பால் சுரக்கத் தண்ணீர் வேண்டும், வயிறார சாப்பாடு வேண்டும். பூண்டும் கருவாடும் சுறாப்புட்டும் தாராளமாகச் சாப்பிடட்டும்; அவற்றோடு கீரையும் முட்டையும் பழமும் சேர்ந்தால் யார் வேண்டாம் என்றது? பாட்டியைப் பழிக்க நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கிழவி இல்லையென்றால் இந்தப் பெண் சுகாதார நிலையத்தின் வாசலைப் பார்த்திருக்க மாட்டாள்.

பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள்காமாலைத் தடுப்பூசி. பிறகு 6, 10, 14 வாரங்களில். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. ஊசி போட்ட இரவு காய்ச்சல் அடிக்கும், பிள்ளை வீறிட்டு அழும். அடுத்த ஊசிக்குப் போகாமல் நின்றுவிடுவதற்கு அந்த ஓர் இரவு போதும். கூடவே தருகிற காய்ச்சல் மருந்தை எடை பார்த்துக் கொடுத்தால் மறுநாள் சரியாகிவிடும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவது இலவசம். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு அந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம். எழுத்துப் பிழையை அன்றைக்கே பார்த்துத் திருத்தாதவர்கள் பின்னால் தாலுகா ஆபீஸ் படிக்கட்டை எண்ணுவார்கள்.

அவன் என்ன செய்தான்?

மகப்பேறு என்றால் எல்லாப் பக்கமும் பெண்ணைப் பற்றியே எழுதிவிட்டு, பையனை வராந்தாவில் உட்கார வைத்துவிடுகிறோம். மருத்துவமனை வாசல் வேப்பமரத்தடியில் கைபேசியை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இருபத்திரண்டு வயதுத் தகப்பனை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. தனியார் கம்பெனியில் அவனுக்குத் தந்தைமை விடுப்பு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. மத்திய அரசு ஊழியன் என்றால் 15 நாள். அவளுக்கு, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அங்கிருந்தே வரும். திருப்பூர்ப் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. கையில் கொடுத்த காசு, கணக்கில் வராத ஆள். எத்தனை சட்டம் இருந்தாலும் அங்கே வந்து நின்றுவிடுகிறது.

அவன் ஒரு வேலை செய்தான். ஒன்றரை ஷிஃப்டை விட்டுவிட்டு ஒரு ஷிஃப்டோடு வர ஆரம்பித்தான். காசு குறைந்தது. இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளை அவன் மார்பில்தான் தூங்கியது.

அது எவ்வளவு பெரிய உதவி என்று பத்தாம் நாள் தெரிந்தது. அவள் காரணமில்லாமல் அழுதாள். பிரசவமான முதல் ஒன்றிரண்டு வாரம் பல பெண்களுக்கு இப்படி வரும், தானாகப் போகும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, பிள்ளையைத் தொடப் பிடிக்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறது என்றால் அது நோய், மருந்தும் பேச்சும் உள்ள நோய். பேய்பிடித்ததென்று மந்திரிக்கக் கூட்டிப்போவதற்கு முன் 14416க்கு ஒரு போன் போடலாம். டெலி-மானஸ், கட்டணம் இல்லை, இரவு பகல் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

அடுத்தது எப்போது என்பதையும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பால் கொடுக்கும்வரை தரிக்காது என்று நம்பி, முதல் பிள்ளை தவழ்வதற்குள் மறுபடி முழுகாமல் இருக்கிறவர்கள் உண்டு. இரண்டு பிரசவத்துக்கு நடுவே மூன்று வருடமாவது உடம்புக்கு வேண்டும். பிரசவமான கையோடு காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை எல்லாம் சுகாதார நிலையத்தில் இலவசம். கேட்க வெட்கப்பட்டால் நஷ்டம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பத்து, பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். குழந்தைக்கு இரண்டு வயதானதும் அங்கன்வாடி எடுத்துக்கொள்ளும். இவள் பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் கோட்டை விட்டவள்; புத்தகம் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டாள்.

நான் கிளம்பிய அன்று காலை அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அறை வாசலில் சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால் நடுவே பிள்ளையைக் குப்புறப் போட்டிருந்தாள். பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரம். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். பாட்டி மேலே நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். "மூக்குல ஊதுடி, சளி வரும்."

"நர்ஸம்மா ஊதக் கூடாதுன்னாங்க பாட்டி."

"அவ கெடக்கா. காதுல ரெண்டு சொட்டு எண்ணெயாவது விடு."

"அதுவும் கூடாதாம்."

பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து சாம்பிராணிக் கரண்டியோடு திரும்பி வந்தபோது, நர்ஸம்மா சொன்னதாக இவள் வாயைத் திறப்பதற்குள், "தெரியும், தெரியும், புகை மூஞ்சிகிட்ட காட்ட மாட்டேன்" என்று கரண்டியை ஓர் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, துண்டை விரித்துப் பிள்ளைக்காகக் கையை நீட்டினார்.